கை அசைத்தால் கால் சரியாகிவிடுமா? ஆர்ஜி3 முழங்கால் விவகாரம்

மேரிலாந்து மாமா:
நேற்று வேறொரு இழையில் டென்வர்க்காரன் ஒரு வரியை எறிந்துவிட்டுப் போனார்: "ராபர்ட் கிரிஃபினின் முழங்காலைக் கெடுத்தது அவருடைய பிடிவாதம். ஷானஹான் மேல் தப்பே இல்லை, டாக்டர் ஆண்ட்ரூஸே சரி சொல்லிவிட்டார்." இதற்குக் கீழே விருப்பக்குறிகள் வேறு. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்காக. இது என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக் விவகாரம். ஆர்ஜி3 என்றால் அப்போது வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனாக இருந்த ராபர்ட் கிரிஃபின். 2012 டிசம்பர் 9, வாஷிங்டனுக்கும் பால்டிமோர் ரேவன்ஸுக்கும் ஆட்டம். நான்காவது கால்பகுதி முடியப்போகிறது. கிரிஃபின் பந்தோடு ஓடுகிறான். 150 கிலோ எடையுள்ள ஹலோட்டி ங்காட்டா வந்து மோதுகிறார், வலது முழங்கால் சாட்டை மாதிரி சுழல்கிறது. பையன் ஒரு பிளேவுக்கு, அதாவது பந்தின் ஒரு நகர்வுக்கு, மட்டும் வெளியே வந்தான், உடனே திரும்ப உள்ளே ஓடினான், நொண்டி நொண்டி ஆடினான், கடைசியில் முடியாமல் வெளியேறினான். மறுநாள் பயிற்சியாளர் மைக் ஷானஹான் பத்திரிகைக்காரர்களிடம், அணிக்காக மைதானத்தில் நின்ற எலும்பு மருத்துவர் ஆண்ட்ரூஸ் சரி சொன்ன பிறகுதான் திரும்ப விட்டேன் என்கிறார். நான்கு வாரம் கழித்து, ஜனவரி 6 பிளேஆஃப் அன்று, அதே ஆண்ட்ரூஸ் யுஎஸ்ஏ டுடே நாளிதழில் என்ன சொல்கிறார்? அவன் எங்களைப் பார்க்கவே விடவில்லை, ஆட்களுக்கு நடுவே புகுந்து மைதானத்துக்கு ஓடிவிட்டான் என்கிறார். அன்று சாயங்காலமே அதே முழங்கால் போனது.

பரிசோதிக்கவே இல்லை. டாக்டரே சொன்னது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

டென்வர்க்காரன்:
மாமா, பாதிக் கதையோடு நிறுத்தினால் எப்படி? அதே ஆண்ட்ரூஸ் சில நாளில் இன்னொரு பத்திரிகைக்கு விளக்கம் கொடுத்தாரே. ஷானஹான் தன்னைத் திரும்பிப் பார்த்ததாகவும், "ஓடிக்கொண்டுதானே இருக்கிறான், சரியாகத்தான் இருப்பான்" என்ற பொருளில் தான் கையைக் காட்டியதாகவும், ஷானஹானும் பொய் சொல்லவில்லை, தானும் சொல்லவில்லை என்றும். அந்தக் கைச்சைகையைப் பார்த்த பயிற்சியாளர் வேறு என்ன நினைப்பார்? அமெரிக்காவிலேயே பேர்பெற்ற எலும்பு மருத்துவர் கையைக் காட்டிச் சரி என்கிறார். ஷானஹான் அதை நம்பியது குற்றமா?

மேரிலாந்து மாமா:
கையைக் காட்டினார்! தூரத்தில் நின்று கையைக் காட்டினால் அது பரிசோதனையா? ஜவ்வு கிழிந்ததா இல்லையா என்று கையசைவில் தெரியுமா? முழங்காலைப் பிடித்து, மடக்கி, இழுத்துப் பார்க்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு அடி பட்டால் டாக்டர் வாசலில் நின்று கையசைத்தால் போதுமா?

நீலப்பருந்து:
நான் சியாட்டில் ரசிகன். அந்த ஜனவரி 6 ஆட்டத்தை முழுக்கப் பார்த்தவன். வாஷிங்டன் முதல் கால்பகுதியிலேயே 14-0. அந்த இரண்டாவது டச்டவுனுக்கு (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கிற புள்ளி) சற்று முன்னால்தான் கிரிஃபினின் முழங்கால் மடங்கியது. அதற்கப்புறம் அவர் வேறு ஆளாக நின்றார். மொத்த ஆட்டத்திலும் அவர் எறிந்து அணி முன்னேறியது 84 யார்டுதான். கடைசியில் நாங்கள் 24-14. அவரை அப்போதே எடுத்துவிட்டு மாற்று குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸை இறக்கியிருந்தால் எங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். அந்த சீசனில் கசின்ஸ் ரேவன்ஸ் ஆட்டத்தைச் சமன் செய்து கொடுத்தவர், அடுத்த வாரம் கிளீவ்லாண்டை 38-21 என்று சாய்த்தவர். அப்படி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஒற்றைக்காலில் நிற்கிறவரை ஏன் ஆடவிட வேண்டும்?

ஆனால் மாமா, பிளேஆஃப் அன்று ஆண்ட்ரூஸ் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் டிசம்பரையும் ஜனவரியையும் சேர்த்துக் குழப்புகிறீர்கள்.

மேரிலாந்து மாமா:
யாரும் குழப்பவில்லை. டிசம்பரில் ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஜனவரி வந்திருக்காது. ஆரம்பம் அங்கேதான். ஒரு கைச்சைகையில் எல்லாம் முடிந்தது. ஜெயித்தவர்கள் வந்து அனுதாபம் சொல்வதும் நன்றாகத்தான் இருக்கிறது, நன்றி.

பிசியோ அக்கா:
நான் முழங்கால் நோயாளிகளோடு தினமும் வேலை செய்பவள், அதனால் கொஞ்சம் விவரம். டிசம்பரில் கிரிஃபினுக்கு ஆனது முழங்காலின் வெளிப்பக்க ஜவ்வில், அதாவது எல்சிஎல்லில், லேசான சுளுக்கு. முழுக் கிழிசல் இல்லை. ஒரு ஆட்டம் விட்டு, முழங்கால் பட்டையோடு திரும்ப வந்தார். ஜனவரி 9 அறுவை சிகிச்சையில் செய்தது வேறு: எல்சிஎல்லைச் சரிசெய்தார்கள், கூடவே முழங்கால் நடுவில் இருக்கிற ஜவ்வான ஏசிஎல்லைத் திரும்பக் கட்டினார்கள். திரும்ப என்பதைக் கவனியுங்கள். 2009-இல் பெய்லர் பல்கலைக்கழகத்தில் ஆடும்போதே அதே வலது முழங்காலில் ஏசிஎல் போய் ஒருமுறை கட்டியது. ஒருமுறை கட்டிய ஏசிஎல் மறுபடி கிழிந்தால், இரண்டாவது முறை கட்டுவது முதல் தடவை மாதிரி இருக்காது. எலும்பில் ஏற்கெனவே துளை போட்டிருப்பார்கள், பதியம் வைக்க வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுக்க வேண்டும். தொடைத் தசை பழைய வலுவுக்கு வரவும் நாளாகும்.

"மீண்டு வருவது" என்றால் மைதானத்துக்கு வருவதா, பழைய ஆட்டத்துக்கு வருவதா என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

மேரிலாந்து மாமா:
அக்கா, விவரத்துக்கு நன்றி. ஆனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று. பரிசோதித்தாரா இல்லையா?

வைக்கிங் வாசு:
மினசோட்டாவிலிருந்து ஒரு வார்த்தை. அதே ஆண்ட்ரூஸ்தான் எங்கள் ஏட்ரியன் பீட்டர்சனுக்கும் அறுவை சிகிச்சை செய்தார். 2011 டிசம்பர் 24, உங்கள் ஃபெடெக்ஸ் ஃபீல்டு மைதானத்திலேயே, உங்கள் அணிக்கு எதிராக ஆடும்போது இடது முழங்காலில் ஏசிஎல், முழங்காலின் உள்பக்க ஜவ்வான எம்சிஎல் இரண்டும் கிழிந்தன. டிசம்பர் 30 அறுவை சிகிச்சை. 2012 செப்டம்பர் 9 முதல் ஆட்டத்திலேயே வந்து 84 யார்டு, இரண்டு டச்டவுன். அந்த வருடம் 2,097 யார்டு ஓடினார். எரிக் டிக்கர்சனின் 1984 சாதனைக்கு 9 யார்டு குறைவு. லீகின் மிகச்சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். அதே டாக்டர், அதே அளவு மாதம். அப்படியென்றால் மருத்துவத்தில் குறை எங்கே? மனுஷனுக்குள்ளே இருக்கிற வைராக்கியம்தான் வித்தியாசம்.

டென்வர்க்காரன்:
டிக்கர்சன் 2,105. பீட்டர்சன் 2,097. கழித்தால் 8.

வைக்கிங் வாசு:
சாதனையை முறியடிக்க 9 வேண்டும். 8 ஓடினால் சமன்தான் ஆகும். அமெரிக்காவில் எல்லாரும் 9 என்றுதான் சொல்கிறார்கள்.

டென்வர்க்காரன்:
"குறைவு" என்று எழுதியது நீங்கள். 9 குறைவு என்றால் 2,096. கணக்கு கணக்குதான்.

பிசியோ அக்கா:
வாசு, பீட்டர்சனுக்கு அது முதல் கிழிசல். கிரிஃபினுக்கு அதே காலில் இரண்டாவது. அதைத்தான் இப்போது மேலே எழுதினேன். வைராக்கியம் இல்லாதவரா கிரிஃபின்? அறுவை சிகிச்சை முடிந்து சரியாக எட்டு மாதத்தில், 2013 செப்டம்பர் 9 அன்று, முதல் ஆட்டத்தில் இறங்கினார். வைராக்கியம் கூடிப்போனதுதான் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். பீட்டர்சன் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். கிரிஃபின் எறிய வேண்டும். எறிகிறபோது உடம்பின் முழு எடையும் காலில் ஊன்றித் திரும்பும். காலில் நம்பிக்கை இல்லையென்றால் பந்து உயரே போகும், ஓடி விலக வேண்டிய இடத்தில் ஒரு நொடி தயங்குவார், அந்த ஒரு நொடியில் அடுத்த அடி விழும். 2012-இல் 20 டச்டவுனுக்கு 5 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல். 2013-இல் 16-க்கு 12. ஓட்டத்தில் 815 யார்டு 489 ஆனது. இதெல்லாம் மனசு போதாததால் வந்த எண்கள் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வைக்கிங் வாசு:
அக்கா, பாடம் நடத்துகிறீர்கள். பீட்டர்சனுக்கு வந்தது சின்னக் காயமா? இரண்டு ஜவ்வு. இரண்டு.

மேரிலாந்து மாமா:
பீட்டர்சனை யாராவது கிழிந்த காலோடு அடுத்த பிளேவுக்கு விட்டார்களா? விடவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள், ஒழுங்காகப் பார்த்தார்கள். வாசு, உங்கள் உதாரணமே என் கட்சிக்குத்தான் சாட்சி. அங்கே பரிசோதனை நடந்தது. இங்கே கைச்சைகை.

டென்வர்க்காரன்:
மாமா, நீங்கள் ஒரு விஷயத்தைத் தொடவே மாட்டேன் என்கிறீர்கள். ஓடியது யார்? டாக்டரைத் தவிர்த்து ஆட்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது ஷானஹானா? பிளேஆஃப் முடிந்ததும் கிரிஃபினே சொன்னார், என்னை வெளியே எடுத்திருந்தாலும் நான் திரும்ப உள்ளே போயிருப்பேன், சில நேரம் ஆம்பளையாக நிற்க வேண்டியிருக்கிறது என்று. 2009-இல் பெய்லரிலும் ஏசிஎல் கிழிந்த காலோடு இடைவேளை வரை ஆடியவர்தான். அவர் வளர்ந்த விதமே அது. இருபத்திரண்டு வயது இளைஞன், மொத்த ஊரும் அவன் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவனைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் நீங்களே முதல் ஆளாக ஷானஹானைத் திட்டியிருப்பீர்கள்.

மேரிலாந்து மாமா:
திட்டியிருக்க மாட்டேன். என்னைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

சரி, இதையும் சொல்கிறேன். அந்தப் பையனை வாங்க வாஷிங்டன் என்ன விலை கொடுத்தது? புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் 2012, 2013, 2014 மூன்று வருட முதல் சுற்றுத் தேர்வுகள், அதோடு ஒரு இரண்டாம் சுற்று, எல்லாவற்றையும் செயின்ட் லூயிஸ் ரேம்ஸிடம் கொட்டிக் கொடுத்துத்தான் இரண்டாவது இடத்துக்கு ஏறி அவனை எடுத்தோம். அப்படி வாங்கிய முழங்காலை ஒரு கையசைவில் நம்பி அனுப்பலாமா? இருபத்திரண்டு வயது ஆள் எல்லாம் ஆடுவேன் என்றுதான் சொல்வான். அதற்காகத்தானே சம்பளம் கொடுத்து அறுபது வயது ஆள் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக வைத்திருக்கிறோம்? பிள்ளை சொன்னான் என்று பெரியவர் சாக்குச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இது முதல் தடவையும் இல்லை. அதே வருடம் அக்டோபர் 7, அட்லாண்டாவுடன் ஆட்டம். தலையில் அடிபட்டு வெளியே போனான். அணி "கொஞ்சம் குலுங்கிவிட்டார்" என்கிற மாதிரி அறிவித்தது. பார்த்தால் மூளை அதிர்ச்சி. ஒழுங்காகச் சொல்லாததற்கு லீக் 20,000 டாலர் அபராதம் போட்டது. இரண்டே மாதத்தில் முழங்கால். ஒரே அணி, ஒரே பயிற்சியாளர், ஒரே பையன்.

காக்கைக்கூட்டம்:
ரேவன்ஸ் ரசிகன் நான். ங்காட்டா செய்தது சட்டப்படியான அடி. அதை யாரும் கேள்வி கேட்காததற்கு நன்றி. மற்றபடி கிரிஃபின் கடைசியில் எங்கள் அணியில்தான் 2018 முதல் 2020 வரை மாற்று ஆட்டக்காரராக இருந்தார். நல்ல மனிதர்.

டென்வர்க்காரன்:
மைக் ஷானஹானை இப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், மறைக்கவில்லை. எங்கள் டென்வர் அணிக்கு அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பௌல், அதாவது லீக் பட்டம், வாங்கிக் கொடுத்தவர். அவரே கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடும்போது அடிபட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தவர், செத்துப் பிழைத்தவர். காயம் என்றால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் அவர் பாடம் எடுக்கலாம்.

மேரிலாந்து மாமா:
நீங்களாகவே வந்து சொன்னீர்களே, நல்லது. ஒரு சிறுநீரகத்தை இழந்தவருக்கு இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டாமா? அப்புறம் உங்கள் சூப்பர் பௌல் கதைக்கே வருவோம். 1998 ஜனவரி, கிரீன் பே பாக்கர்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டம். டென்வரின் ஓட்டக்காரர் டெரெல் டேவிஸுக்கு ஒற்றைத் தலைவலி வந்து கண் தெரியவில்லை. கண் தெரியவில்லை என்று அவரே சொல்கிறார். ஷானஹான் என்ன செய்தார்? இந்த பிளேவுக்கு நீ பார்க்க வேண்டாம், பந்தை உனக்குக் கொடுக்கிற மாதிரி நடிக்கத்தான் போகிறோம் என்று உள்ளே அனுப்பினார். கண் தெரியாத ஆளைத் தூண்டில் புழுவாக அனுப்பியவர், நொண்டுகிறவனை நிறுத்துவாரா?

டென்வர்க்காரன்:
அந்த பிளேயில் டச்டவுன் விழுந்தது. அதற்கப்புறம் இரண்டாவது கால்பகுதி முடியும்வரை டேவிஸை வெளியே உட்கார வைத்துத் தேற்றித்தான் பிற்பாதியில் ஆடவிட்டார். அவர் 157 யார்டு ஓடி, மூன்று டச்டவுன் போட்டு, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் ஆனார். டேவிஸ் இன்றுவரை அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார். நீங்கள் யார் அவருக்காக அழ?

மேரிலாந்து மாமா:
ஜெயித்ததால் கதை ஆனது. தோற்றிருந்தால் வழக்கு ஆகியிருக்கும். அதே டேவிஸ் 1998 சீசனில் 2,008 யார்டு ஓடினார். அடுத்த வருடம் நான்காவது ஆட்டத்தில் முழங்கால் போனது. அப்புறம் பழைய டேவிஸை யார் பார்த்தார்கள்?

டென்வர்க்காரன்:
எதிரணிக்காரர் ஒருவர் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடியபோது அவரை டேவிஸ் மடக்கப் போய் விழுந்த அடி அது. அதற்கும் ஷானஹான்தான் காரணமா? நாளைக்கு உங்கள் வீட்டில் மழை ஒழுகினாலும் அவர்தான் காரணமா? டேவிஸ் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழ்க்கூடத்தில் இருக்கிறார் மாமா, 2017-இல் போனார். இதயமே இல்லாத பயிற்சியாளர் என்று அவர் எங்கேயும் சொன்னதில்லை.

நீலப்பருந்து:
எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்த மைதானம். ஜனவரி 6 அன்று ஃபெடெக்ஸ் ஃபீல்டில் புல் என்று ஒன்று இருந்ததா? நடுவில் எல்லாம் காய்ந்த மண், பெயர்ந்து பெயர்ந்து வந்தது. எங்கள் கிறிஸ் கிளெமன்ஸுக்கும் அதே ஆட்டத்தில் ஏசிஎல் கிழிந்தது. அவரைப் பற்றி இந்த இழையில் ஒருவர் வாய் திறக்கவில்லை. அப்போதைய எங்கள் பயிற்சியாளர் பீட் கேரல் ஆட்டம் முடிந்த பிறகு மைதானத்தைப் பற்றிப் புகார் சொன்னார். பீட்டர்சன் விழுந்ததும் அங்கே. 2018 நவம்பர் 18 அன்று உங்கள் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தின் கால் எலும்பு இரண்டாக முறிந்ததும் அங்கே. குற்றவாளி வேண்டுமென்றால் அந்த மண்ணைப் பிடியுங்கள்.

மேரிலாந்து மாமா:
எங்கள் மைதானத்தைக் குறை சொல்ல நீங்கள் யார்? அலெக்ஸ் ஸ்மித்தின் காலை எதிரணியான டெக்ஸன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். அதில் புல் என்ன செய்தது? பீட்டர்சன் முழங்காலில் நேராக அடி வாங்கினார். மைதானம், மைதானம் என்று பேசி பயிற்சியாளரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்.

பிசியோ அக்கா:
அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்தது நல்லது, ஏனென்றால் அது முழுக்க வேறு மாதிரிக் கதை. கீழ்க்காலின் இரண்டு எலும்பும் முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வந்து, புண்ணில் சதையைத் தின்கிற நோய்த்தொற்று ஏறியது. 17 அறுவை சிகிச்சை. காலையே எடுக்கவேண்டி வரலாம், உயிரே போகலாம் என்ற நிலைமை. குண்டுவெடிப்பில் காயப்பட்ட ராணுவ வீரர்களுக்குச் சிகிச்சை தருகிற இடத்துக்குப் போய்த்தான் அவர் திரும்ப ஓடப் பழகினார். 2020 அக்டோபர் 11 அன்று மைதானத்துக்கு வந்தார். அந்த வருடம் அவர் தொடங்கிய ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. அவசரப்படுத்த யாரும் இல்லை, கிட்டத்தட்ட இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். எனக்குக் கிரிஃபினை நினைத்தால் அந்த எட்டு மாதம்தான் உறுத்துகிறது. முதல் ஆட்டத்துக்கே வந்துவிடுவேன் என்று விளம்பரம்வரை போனார்கள். இன்னும் ஆறு வாரம் பொறுத்திருந்தால், ஓடி விலகுகிற பழைய தைரியம் திரும்ப வந்திருக்குமோ என்று இப்போதும் நினைக்கிறேன். நீங்கள் எல்லாரும் டிசம்பர் 9-இலேயே நிற்கிறீர்கள், யாருமே 2013 கோடைக்கு வர மாட்டேன் என்கிறீர்கள்.

வைக்கிங் வாசு:
ஸ்மித் 6 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன். வெற்றி எல்லாம் தடுப்பாட்டக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது. இதை பீட்டர்சனின் 2,097-ஓடு ஒப்பிடுகிறீர்களா?

பிசியோ அக்கா:
நான் எங்கே ஒப்பிட்டேன்? நடக்க முடியுமா என்று சந்தேகப்பட்ட கால் அது.

வைக்கிங் வாசு:
ஒப்பிடாமல் எதற்கு எடுத்தீர்கள்? 2012-இலும் இதே அநியாயம். எட்டு மாதத்தில் வந்து 2,000 தாண்டிய மனிதருக்கு மீள்வருகை விருது இல்லை, கழுத்து அறுவை சிகிச்சைக்கு ஒரு வருடம் முழுக்க ஓய்வெடுத்துவிட்டு டென்வருக்கு வந்த பேட்டன் மானிங்குக்குக் கொடுத்தார்கள்.

டென்வர்க்காரன்:
மானிங்கைத் தொடாதீர்கள். பந்தைப் பிடிக்கக்கூட வலது கையில் பலமில்லாமல் இருந்தவர். ஆரம்பத்திலிருந்து எறியக் கற்றுக்கொண்டார். 13 வெற்றி, 3 தோல்வி. உங்களுக்கு மிகச்சிறந்த வீரர் விருது கிடைத்தது போதாதா?

மேரிலாந்து மாமா:
விருதை எல்லாம் வேறு இழையில் பேசுங்கள். இது என் இழை. டென்வர்க்காரன் இன்னும் பதில் சொல்லவில்லை. டிசம்பர் 9 அன்று அந்த முழங்காலை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்த பிறகு பையன் உள்ளே போனானா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று.

டென்வர்க்காரன்:
தொடவில்லை, ஏனென்றால் அவர் தொட விடவில்லை. டாக்டர் கை காட்டினார், பயிற்சியாளர் நம்பினார். எத்தனை தடவை எழுதுவது?

மேரிலாந்து மாமா:
"தொடவில்லை." எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், அவரே எழுதிவிட்டார்.

டென்வர்க்காரன்:
முழு வரியையும் படியுங்கள் மாமா. பாதி வரியை வெட்டி எடுப்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. போன வருடம் எங்கள் பழைய குவார்ட்டர்பேக் எல்வே பற்றிய இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

மேரிலாந்து மாமா:
எல்வே இழையில் நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. இன்னும் அங்கே இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

காக்கைக்கூட்டம்:
இந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தானே அணிகளைச் சாராத டாக்டர்களை ஓரக்கோட்டில் நிறுத்த ஆரம்பித்தார்கள்? அப்படியென்றால் லீகே தப்பை உணர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பிசியோ அக்கா:
2013 சீசனிலிருந்து வந்தவர்கள் தலை, நரம்பு சம்பந்தப்பட்ட வல்லுநர்கள். மூளை அதிர்ச்சியைக் கவனிக்கத்தான். முழங்காலுக்கு இன்றைக்கும் அணியின் மருத்துவர்தான் பார்க்கிறார். அணி சம்பளம் கொடுக்கிற மருத்துவர், ஆட ஆசைப்படுகிற வீரர், ஜெயிக்க வேண்டிய பயிற்சியாளர், மூவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் யாராவது பேசினால் எனக்குச் சந்தோஷம்.

மேரிலாந்து மாமா:
நான் அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்! பரிசோதனை இல்லை என்று.

2013-இல் நடந்ததையும் கேளுங்கள். 3 வெற்றி, 13 தோல்வி. கடைசி மூன்று ஆட்டத்துக்குக் கிரிஃபினைப் பெஞ்சில் உட்கார வைத்தார் ஷானஹான். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? காயம் படாமல் பாதுகாக்கிறாராம்! பிளேஆஃபில் ஒற்றைக்காலில் நின்றவனைக் காப்பாற்றத் தோன்றாதவருக்கு, ஒன்றுக்கும் உதவாத டிசம்பர் ஆட்டத்தில் அக்கறை பொங்கியது. அடுத்த வருடம் ஜாக்சன்வில்லுக்கு எதிராகக் கணுக்கால் விலகியது. 2016-இல் கிளீவ்லாண்டில் முதல் ஆட்டத்திலேயே தோள். ஒரு கால் சரியில்லாதவன் உடம்பு முழுக்க அடி வாங்குவான். அந்த முதல் வருடத்தில் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. 3-6 என்று கிடந்த அணி தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்துப் பிரிவுப் பட்டம் வாங்கியது. பல வருடம் கழித்து அரங்கம் நிறைந்து சத்தம் போட்டது. அதை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இதற்கு யாரும் இன்றுவரை ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

டென்வர்க்காரன்:
அந்த ஏழு வெற்றியின் ஆட்டத்திட்டத்தை எழுதியது யார்? ஷானஹானும் அவர் மகன் கைலும். அதற்கு மட்டும் பெயர் சொல்ல மாட்டீர்கள்.

நீலப்பருந்து:
மைதானத்தைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. வீரர்கள் சங்கமே 2020-இல் கணக்கு காட்டியது, செயற்கைப் புல்லில் ஆள் மோதாமலே வருகிற கால் காயங்கள் 28 சதவீதம் கூடுதல் என்று.

மேரிலாந்து மாமா:
அது செயற்கைப் புல். எங்களுடையது நிஜப் புல். உங்கள் சியாட்டில் மைதானம்தான் செயற்கை. உங்கள் கணக்கு உங்களையே குத்துகிறது.

நீலப்பருந்து:
நிஜப் புல்லைப் பராமரிக்காமல் விட்டால் செயற்கையைவிட மோசம். மண்ணில் ஆணிச்செருப்பு மாட்டிக்கொண்டால் முழங்கால்தான் திரும்பும். அந்த ஜனவரியில் உங்கள் ஆட்கள் போட்டது பெயிண்ட் அடித்த மண்.

வைக்கிங் வாசு:
செயற்கைப் புல்லைப் பற்றி என்னிடம் கேளுங்கள். குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் 2023 செப்டம்பர் 11, நியூயார்க் ஜெட்ஸுக்கு வந்த முதல் ஆட்டம், நான்காவது பிளேயில் குதிகால் தசைநாண் போனது. மெட்லைஃப் மைதானம், செயற்கை. எல்லாரும் புல்லைத் திட்டினார்கள். அதே வருடம் அக்டோபர் 29, எங்கள் கர்க் கசின்ஸுக்கு அதே குதிகால் தசைநாண் காயம், கிரீன் பேயின் லாம்போ ஃபீல்டில். அங்கே புல். அப்போது யாரும் பேசவில்லை.

நீலப்பருந்து:
லாம்போவில் செயற்கை இழை கலந்து தைத்த புல். முழு நிஜம் இல்லை.

வைக்கிங் வாசு:
வளருகிறதா இல்லையா? வளர்ந்தால் புல்தான்.

மேரிலாந்து மாமா:
கசின்ஸ் எங்கள் பிள்ளை. நாங்கள் நான்காவது சுற்றில் எடுத்து வளர்த்ததைத்தான் நீங்கள் பணம் கொடுத்துக் கூட்டிப் போனீர்கள். "எங்கள் கசின்ஸ்" என்று எழுதுவதற்கு முன்னால் அதையும் சேர்த்து எழுதுங்கள் வாசு.

வைக்கிங் வாசு:
வளர்த்தீர்களா? பெயர் எழுதாத சீட்டு மாதிரி இரண்டு வருடம் ஒரு வருட ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தீர்களே, அதற்குப் பெயர் வளர்ப்பா? நாளைக்குக் காலையில் அந்த ஒப்பந்தக் கதையை முழுசாக எழுதுகிறேன், இருங்கள்.

மேரிலாந்து மாமா:
எழுதுங்கள், நான் எங்கேயும் போகவில்லை. டென்வர்க்காரரும் அதற்குள் வந்து, கிழிந்த ஜவ்வைக் கையசைவில் கண்டுபிடிப்பது எப்படி என்று விளக்கட்டும்.

டென்வர்க்காரன்:
டிசம்பரில் கிழியவில்லை, சுளுக்கு. அக்கா எழுதியதையாவது படியுங்கள்.